அடிமாட்டையும் எடை போட்டு விற்போம்

சேலம், நாமக்கல் சமவெளியில் மாடு கட்டியிருக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

கறவையைப் பற்றிப் பேச நமக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. பால் சொசைட்டி வாசலில் கொழுப்பு எத்தனை, எஸ்.என்.எஃப். எத்தனை என்று காலையும் மாலையும் பேசுகிறோம். தீவன மூட்டை விலை, மடிநோய், சினை ஊசி எல்லாம் பேசுகிறோம். அதே மாடு கறவை வற்றி, திரும்பத் திரும்ப ஊசி போட்டும் சினை நிற்காமல், கட்டுத்தரையை விட்டு இறங்கும் நாளைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. "மாட்டைக் கொடுத்துட்டனுங்க" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. யாரிடம் கொடுத்தோம், எத்தனை கிலோ மாடு, எந்தக் கணக்கில் விலை என்று யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. இந்த மடல் அந்த நாளைப் பற்றியது.

ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், உலகம் முழுக்கக் கறிமாட்டுத் தொழில் வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. விந்து ஊசியில் தொடங்கி, தீவனம், காது வில்லை, லாரி, வெட்டுக்கூடம் வரை ஒவ்வொன்றும் மாறுகிறது. அந்த மாற்றத்துக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நாம் பாலுக்குத்தானே மாடு வளர்க்கிறோம், கறிக்கு வளர்ப்பது அமெரிக்காவிலும் பிரேசிலிலும்தானே என்று. ஆனால் இந்த நாட்டில் மாட்டுக்கறி பால் கட்டுத்தரையிலிருந்துதான் வருகிறது. கறிக்கென்று மேய்ச்சல் பண்ணை வைத்திருப்பவர் ராசிபுரத்திலும் இல்லை, ஆத்தூரிலும் இல்லை. வற்றிய கறவை, வேலைக்கு ஆகாத எருது, வேண்டாத காளைக்கன்று ஆகியவைதான் இங்கே அடிமாடு. ஆகவே நீங்கள் ஒவ்வொருவரும் கறிமாட்டு உற்பத்தியாளர்தான். ஒப்புக்கொள்ளாத உற்பத்தியாளர் என்பதால் விலை சொல்லும் இடத்தில் நமக்கு நாக்கு இல்லை.

மாடு போகும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் ஆகாத மாட்டையோ, தீராத நோயாலோ ஊனத்தாலோ நிரந்தரமாக முடங்கிய மாட்டையோதான் சான்றிதழ் பெற்று வெட்டலாம். 1976 ஆகஸ்ட் 30 அன்று வந்த அரசாணை பசுவையும் கிடாரியையும் வெட்டுவதை மாநிலம் முழுக்கத் தடுத்தது. கேரளத்தில் பசுவுக்கென்று தனித் தடை இல்லை. இதனால்தான் நம் ஜெர்சி கலப்புப் பசு, செவ்வாய்க்கிழமை கூடும் புதன்சந்தையில் கைமாறி, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் போகிறது. ஈரோடு கருங்கல்பாளையத்திலும் பொள்ளாச்சியிலும் வாராவாரம் நடப்பதும் இதுவே. தோல் வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் போகிறது. உடம்பில் போட்ட சூட்டுத் தழும்பும் சாட்டைத் தழும்பும் அந்தத் தோலின் தரத்தைக் குறைத்துவிடும் என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். நோய்க்குச் சூடு வைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் முழுசாக ஒழியவில்லை.

இப்போது சந்தைக்குள் வாருங்கள். முந்தின நாள் இரவே வண்டிகள் வந்து இறக்கத் தொடங்கிவிடும். விடிவதற்கு முன்பே நல்ல பேரமெல்லாம் முடிந்துவிடும். மாட்டைப் பிடித்து நிற்பவர் பெரும்பாலும் அதிகம் பேசமாட்டார். தரகர் வருவார். வாயைப் பிளந்து பல் பார்ப்பார், திமிலருகே கை வைத்து அழுத்துவார், விலாவையும் பின்தொடையையும் தடவிக் கறியின் கனம் பார்ப்பார். பிறகு தோளில் கிடக்கும் துண்டை இருவர் கைமேலும் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. பல நேரம் மாட்டுக்காரருக்கே அந்த விலை எப்படி வந்தது என்று தெரியாது. தரகரின் கைக்கு மாட்டின் எடை தெரியும். முப்பது, நாற்பது வருடம் தடவிய கை அது. அந்தத் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் வாங்குகிறவர் பக்கம் மட்டும் எடை தெரிந்திருக்க, விற்கிறவர் பக்கம் தெரியாமல் இருப்பது வியாபாரம் ஆகாது.

இதை வேறு எந்த மாவட்டத்திலாவது பார்த்திருந்தால் இவ்வளவு வருத்தம் வராது. நாமக்கல்லில் பார்ப்பதால்தான் மனசு பொறுக்கவில்லை. முட்டைக்குத் தினமும் விலை அறிவிக்கும் ஊர் இது. 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தொடங்கும்வரை முட்டை விலையையும் வியாபாரிதான் சொன்னார். டாக்டர் பி.வி. ராவ் பண்ணைக்காரர்களைக் கூட்டி, முட்டை போட வைப்பவனே முட்டைக்கு விலை சொல்ல வேண்டும் என்று நிறுத்தினார். இன்றைக்கு மோகனூர்ப் பண்ணைக்காரரும் பரமத்தி வேலூர்க் கடைக்காரரும் ஒரே விலையைக் கைபேசியில் பார்க்கிறார்கள். கறிக்கோழி பண்ணையிலேயே உயிர் எடைக்குப் போகிறது. வெள்ளாட்டையும் செம்மறியையும்கூடப் பல பண்ணைகளில் "உயிர் எடை கிலோ இவ்வளவு" என்றுதான் இப்போது விற்கிறார்கள். இரண்டு கிலோ கோழிக்குத் தராசு இருக்கிறது, முந்நூறு கிலோ மாட்டுக்கு இல்லை.

நான் கேட்பது இதுதான்: மாட்டை எடைக்கு விற்போம். மற்ற எந்தப் புதுமையும் இதற்குப் பிறகுதான்.

எடைமேடை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அங்குலம் குறித்த நீளமான டேப் ஒன்று போதும். மாட்டைச் சமதரையில், நான்கு காலும் நேராக, தலை நிமிர்ந்து நிற்கும்படி நிறுத்துங்கள். முன்னங்கால்களுக்கு ஒட்டிப் பின்னால், திமிலுக்குக் கீழே நெஞ்சைச் சுற்றி டேப்பைப் போட்டு, இறுக்காமலும் தொங்கவிடாமலும் சுற்றளவை எடுங்கள். அடுத்து, முன்தோள் எலும்பின் முனையிலிருந்து வாலடியில் துருத்தி நிற்கும் எலும்பின் முனைவரை நீளத்தை எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, வருவதை 660-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வந்துவிடும். சுற்றளவு 63 அங்குலம், நீளம் 51 அங்குலம் என்றால், 63-ஐ 63-ஆல் பெருக்கினால் 3,969. அதை 51-ஆல் பெருக்கினால் 2,02,419. 660-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 307 கிலோ. நூற்றுக்கு ஐந்து, பத்து முன்னே பின்னே இருக்கலாம். கண் மதிப்பைவிட இது எவ்வளவோ மேல். வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளை கைபேசியில் அரை நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிடும்.

இன்னும் சரியாக வேண்டுமா? நம் ஊரைப் போல வே-பிரிட்ஜ் நிறைந்த பகுதி வேறெங்கே இருக்கிறது? தீவன லாரிக்கும் மக்காச்சோள லாரிக்கும் குச்சிக்கிழங்கு லாரிக்கும் சாலையோரமெல்லாம் எடை நிலையம். மாட்டை ஏற்றிய டாட்டா ஏஸை ஒருமுறை ஏற்றி எடை போடுங்கள், காலி வண்டியை ஒருமுறை போடுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். சீட்டு அச்சாகி வரும். அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறவரிடம் தரகர் பேசும் விதமே வேறு. உயிர் எடை முழுவதும் கறியாகாது; நல்ல சதைப்பிடிப்புள்ள மாட்டிலேயே பாதியைச் சுற்றித்தான் வரும், மெலிந்த மாட்டில் அதற்கும் கீழே போகும். வியாபாரி அந்தக் கணக்கைச் சொல்லித்தான் விலையை இறக்குவார். சொல்லட்டும். கணக்கு துண்டுக்கு வெளியே நடந்தால் அதற்கு நாமும் பதில் சொல்லலாம்.

எடை என்பது பணத்தோடு மட்டும் நிற்கும் சமாச்சாரமும் அல்ல. சந்தைக்கு வரும் வற்றிய மாடுகளைப் பாருங்கள்: இடுப்பெலும்பு துருத்தி, விலா எண்ணும்படியாக நிற்கும். எட்டு ஈற்று பால் கொடுத்த மாடு ஏன் இப்படி நிற்கிறது? பால் நின்ற நாளிலிருந்து தவிடும் புண்ணாக்கும் நின்றுபோனதால். போட்டால் என்ன கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாததால் போடுவதில்லை. மாடாக விலை பேசும்வரை, முப்பது கிலோ கூடினாலும் குறைந்தாலும் மாட்டுக்காரர் கைக்கு வரும் காசில் பெரிய வித்தியாசம் தெரியாது. கிலோவுக்கு விலை என்று வந்துவிட்டால் நாளைக்கு அரைக் கிலோ ஏறினால் அறுபது நாளில் முப்பது கிலோ, அதற்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்குப் போடலாம். தீவனச் செலவு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. அப்போது மாட்டைப் பட்டினி போட யாருக்கும் மனமும் வராது, லாபமும் இருக்காது. வெளிநாட்டுப் பால் பண்ணைகளில் கழிக்கும் மாட்டைப் பால் வற்ற வைத்து, நோய் பார்த்து, இரண்டு மூன்று மாதம் தேற்றி விற்பது தெரிந்த வழக்கம். எல்லா மாடும் தேறாது. நொண்டும் மாடு, தீராத மடிநோய் மாடு, பல் போன கிழட்டு மாடு ஆகியவற்றுக்குத் தீவனம் போட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. சினை நிற்காத ஒரே காரணத்துக்காகக் கழிக்கும் ஐந்தாறு வயது மாடு நன்றாகத் தேறும்.

தேற்ற என்ன போடுவது என்று கேட்டால், நம்மைச் சுற்றியே கிடக்கிறது. சேகோ ஆலைகளிலிருந்து வரும் குச்சிக்கிழங்குத் திப்பி மாவுச்சத்து நிறைந்தது, விலையும் மலிவு. புரதம் அதில் மிகக் குறைவு. அதனால் கடலைப் புண்ணாக்கோ பருத்திக்கொட்டைப் புண்ணாக்கோ சேர்க்காமல் திப்பியை மட்டும் கொட்டினால் வயிறு நிறையும், சதை பிடிக்காது. ஒரேயடியாகக் கொட்டினால் வயிற்றில் அமிலம் கூடி மாடு படுத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். பச்சைக் குச்சிக்கிழங்குத் தோலும் இலையும் வேறு விஷயம். அவற்றில் சயனைடு நஞ்சு உண்டு. கிழங்கு பிடுங்கிய காட்டில் பசியோடு மாட்டை அவிழ்த்துவிட்டு இழந்த குடும்பங்கள் நம் பக்கத்தில் எத்தனையோ. கோ-5 கம்பு நேப்பியர் ஒரு துண்டு நிலத்தில் இருந்தாலே பசுந்தீவனக் கவலை பாதி தீரும். மானாவாரிக்காரருக்குக் கோ.எஃப்.எஸ்.-29 சோளம், வரப்பில் அகத்தி, வேலிமசால். முதல் வாரத்திலேயே குடற்புழு நீக்கம். கால்நடை மருத்துவர்கள் சொல்லும் தாது உப்புக் கலவை. இதைத் தாண்டி ஆடம்பரம் எதுவும் தேவையில்லை.

சில மாதங்களுக்கு ஒருமுறை நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வெள்ளை மாட்டின் படம் சுற்றி வரும். பிரேசிலில் ஏறக்குறைய நாற்பது கோடி ரூபாய் மதிப்புக்குப் போன வியாடினா-19 என்ற பசு. அதன் இனம் நெலோர். நெல்லூர், ஓங்கோல் பக்கத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி 1960-களின் தொடக்கம்வரை கப்பலேறிய மாடுகளின் வழி வந்தது. இன்று பிரேசிலின் கறிமாட்டு மந்தையில் மிகப் பெரும் பகுதி அந்த இரத்தம்தான். படத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் கோடியைப் பார்த்தார்கள். அதன் எடை 1,101 கிலோ என்று கிலோ சுத்தமாக எழுதியிருந்ததை நான் பார்த்தேன். வெயில் தாங்கும், உண்ணி தாங்கும், மட்டமான புல்லில் பிழைக்கும் என்று நம் நாட்டு மாட்டின் குணத்தைப் புரிந்துகொண்டு, தலைமுறை தலைமுறையாக எடை போட்டு, எழுதி வைத்து, தேர்ந்தெடுத்து அவர்கள் அந்த இடத்துக்குப் போனார்கள். அதே குணங்கள் உள்ள ஆலம்பாடி மாடு மேட்டூரைச் சுற்றிய காடுகளிலும் தருமபுரிப் பக்கமும் அருகிவருகிறது. காங்கேயமும் பருகூர் மாடும் நமக்கு அடுத்த வீடு. இவற்றில் ஒரு வருடக் கன்று எத்தனை கிலோ இருக்க வேண்டும் என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வோம்? பொட்டனேரியில் 1978 முதல் இயங்கும் ஆராய்ச்சி நிலையத்தால் மேச்சேரி ஆட்டுக்கு இந்தப் பேச்சு ஊருக்குள் வந்துவிட்டது. மாட்டுக்கு வரவில்லை.

அடுத்தது காளைக்கன்று. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் எழுதாமல் விடமாட்டேன். கலப்பினப் பசு காளைக்கன்று போட்டால் பல கட்டுத்தரைகளில் அதற்குச் சீம்பாலே முழுசாகக் கிடைப்பதில்லை. காம்பில் பால் இறங்கும்வரை ஊட்டவிட்டு இழுத்துக் கட்டிவிடுவார்கள். சில வாரத்தில் கழிச்சல் கண்டு சாகும், இல்லாவிட்டால் வந்த விலைக்குப் போகும். ஏர் இருந்தது, கவலை ஏற்றம் இருந்தது, வண்டி இருந்தது. அப்போது காளைக்கன்றுக்கு வேலை இருந்தது. டிராக்டர் வந்த பிறகு இல்லை. 2012-க்கும் 2019-க்கும் இடையிலான இரண்டு கால்நடைக் கணக்கெடுப்புகளுக்குள் இந்தியாவில் ஆண் மாடுகள் நூற்றுக்கு முப்பது குறைந்தன. பெண் மாடுகள் பதினெட்டு கூடின. இந்த இடைவெளி இயற்கையாக வந்ததல்ல.

இதற்கு விஞ்ஞானம் கொடுத்திருக்கும் பதில், பாலினம் பிரித்த விந்து. நூற்றுக்குத் தொண்ணூறு அளவுக்குக் கிடாரிக்கன்றே பிறக்கும். உதகமண்டலத்தில் உள்ள மாவட்டக் கால்நடைப் பண்ணையில் நம் அரசே இதைத் தயாரிக்கும் கூடம் அமைத்திருக்கிறது. சாதா ஊசியைவிடச் சினை பிடிக்கும் வாய்ப்பு சற்றுக் குறைவு. அதனால் முதல் சினைக்கு வரும் கிடாரிக்கும், சினைப் பருவம் ஒழுங்காக வரும் நல்ல மாட்டுக்கும்தான் இதைக் கேட்டுப் போட வேண்டும். மூன்று முறை தவறிய மாட்டுக்கு இதைப் போட்டுவிட்டு ஊசியைக் குறை சொல்வதில் நியாயமில்லை. பிறந்த பிறகு பட்டினி போடுவதைவிட, பிறக்கும் முன்பே வழி பார்ப்பது நூறு மடங்கு நல்லது. கட்டுத்தரையில் இன்று நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் புதுமைகளில் இதையே முதலில் வைப்பேன்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இதற்கு அடுத்த படியும் ஏறிவிட்டார்கள். சிறந்த பால் மாடுகளுக்கு மட்டும் கிடாரி ஊசி போட்டு அடுத்த தலைமுறையைப் பிடித்துக்கொள்கிறார்கள். மீதி மாடுகளுக்கு ஆங்கஸ் போன்ற கறி இனத்தின் ஊசியைப் போட்டு, பிறக்கும் கன்றைக் கறிக்கென்றே நல்ல விலைக்கு விற்கிறார்கள். இங்கும் செய்யலாமே என்று கேட்கும் இளைஞர்களுக்கு: நம் சட்டத்தின் பத்து வயது விதி இருக்கும்வரை அது நம் மாநிலத்துக்குள் நடக்காது. பதினெட்டு மாதக் காளையை வளர்த்துச் சட்டப்படி வெட்டுக்கூடத்துக்குக் கொடுக்க இங்கே வழியில்லை. எருமையும் அதே சட்டத்துக்குள்தான். ஏரும் கவலையும் ஓடிய காலத்தில், உழவுக்கு மாடு அற்றுப்போய்விடக் கூடாது என்ற அக்கறையில் எழுதிய விதி அது. டிராக்டர் ஓடும் காலத்தில், குறைந்தபட்சம் எருமைக் கடாக்கன்றுக்காவது அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. மாட்டுக்கறி வகையில் இந்தியா ஏற்றுமதி செய்வது எருமைக்கறி மட்டுமே. பசு, எருது, காளைக் கறி ஏற்றுமதிக்குத் தடை. எலும்பு நீக்கிய அந்த எருமைக்கறி வியட்நாமுக்கும் மலேசியாவுக்கும் எகிப்துக்கும் போய், உலக மாட்டுக்கறி ஏற்றுமதியில் பிரேசில், ஆஸ்திரேலியாவோடு நம் நாட்டை முன்வரிசையில் நிறுத்துகிறது. தமிழ்நாட்டிலோ எருமை 2012-இல் 7.8 லட்சமாக இருந்தது, 2019-இல் 5.19 லட்சமாகக் குறைந்துவிட்டது. கடாக்கன்றுக்கு விலையில்லாத ஊரில் எருமை வளர்ப்பு நிலைக்காது.

ஆய்வகத்தில் வளர்க்கும் கறியைப் பற்றிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். 2013-இல் லண்டனில் முதல் பர்கரைச் சமைத்துக் காட்டினார்கள், 2020-இல் சிங்கப்பூர் கோழிக்கறிக்கு அனுமதி கொடுத்தது. நம் சந்தையைத் தொட அதற்கு இன்னும் வெகுகாலம் ஆகும். மீத்தேனைக் குறைக்கும் தீவனக் கலவைகள் அதைவிட அருகில் இருக்கின்றன. பெங்களூரில் உள்ள தேசியக் கால்நடைச் சத்துணவு நிலையம் 'ஹரித் தாரா' என்ற கலவையை வெளியிட்டிருக்கிறது. அதைவிட எளிய வழி, இளம்புல்லும் சரிவிகிதத் தீவனமும் கொடுப்பது. வெறும் தட்டும் வைக்கோலும் தின்னும் மாடுதான் ஒரு லிட்டர் பாலுக்கு அதிக மீத்தேன் விடுகிறது.

காது வில்லையைப் பற்றி நாம் பேசியே ஆக வேண்டும். பன்னிரண்டு இலக்க மஞ்சள் வில்லையை ஊசிக்காரர் மாட்டுவதும், காது புண்ணாகிறது என்று நாம் கழற்றிப் போடுவதும் வழக்கமாகிவிட்டது. 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரித் தடுப்பூசி போட்ட கணக்கு அந்த எண்ணில்தான் ஏறுகிறது. பைத்தியப் பசு நோய் பரவி மக்கள் மிரண்ட பிறகு, பிரிட்டன் 1996-இல் ஒவ்வொரு மாட்டுக்கும் பாஸ்போர்ட் கொடுத்தது. எந்தப் பண்ணை, என்ன வயது, எங்கெங்கே கைமாறியது என்பதெல்லாம் அதில் இருக்கும். நம் வில்லைக்கும் அந்த வேலையைச் செய்யும் திறன் இருக்கிறது. பத்து வயதா, எட்டு வயதா என்று பல்லைப் பார்த்துச் சண்டை போட வேண்டியதில்லை. திருட்டு மாடு சந்தையில் விலை போகாது. வழியில் வண்டியை மறிப்பவரிடம் காட்ட, வாங்கினவர் கையில் ஒரு கணக்கு இருக்கும்.

அதே வில்லையில் ஏற வேண்டிய இன்னொரு கணக்கு மருந்து. சினை நிற்காத மாட்டுக்கு, மடிநோய் மாட்டுக்கு ஊசிமேல் ஊசி போட்டுப் பார்த்துவிட்டு, முடியாத அன்றே சந்தைக்கு ஏற்றுகிறோம். நீண்ட நாள் வேலை செய்யும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் போட்டால் கறிக்கு 28 நாள் விட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அந்தக் கறியை உண்பவர் யாரோ ஒருவர் என்று நினைக்காதீர்கள். கூலி வேலை முடிந்து கால் கிலோ வாங்கிப் போகும் நம்மைப் போன்றவர் அவர். ஆட்டுக்கறிக்கு எட்டாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் நல்ல புரதம் அது. நான் உண்கிறேனா, நீங்கள் உண்கிறீர்களா என்பது அவரவர் வீட்டு வழக்கம். நம் கட்டுத்தரையிலிருந்து போகும் எதுவும் இன்னொருவர் உடம்புக்குக் கெடுதல் செய்யக் கூடாது. பாலில் தண்ணீர் கலக்கக் கூசும் கை இதற்கும் கூச வேண்டும். மருத்துவரிடம் கேட்டு, நாள் எண்ணி, பிறகு விற்போம். தேற்றும் அறுபது நாளில் இதுவும் அடங்கிவிடும்.

லாரியைப் பற்றி நாமக்கல், திருச்செங்கோட்டு அண்ணன்மார்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். இந்தியாவின் சாலைகளில் ஓடும் லாரிகளுக்குக் கூடு கட்டித் தருகிற ஊர் இது. 2015-இல் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதி, ஒரு மாட்டுக்கு இரண்டு சதுர மீட்டர் இடமும் நிலையான தடுப்புகளும் வேண்டும் என்கிறது. நம் சந்தைகளிலிருந்து புறப்படும் எத்தனை வண்டியில் அதைப் பார்க்கிறோம்? கால் வைக்க இடமின்றி, கொம்பு கொம்பில் உரச, சாய்தளம் இல்லாமல் தள்ளி ஏற்றி, வழியில் தண்ணீர் காட்டாமல் போகிற மாடு பயணத்திலேயே பல கிலோ இழக்கும். அடிபட்ட சதை கன்றிப்போய்க் கறிக்கும் உதவாது. நம் பட்டறைகளில் கைதேர்ந்த வெல்டர்கள் இருக்கிறார்கள். வழுக்காத தரை, கழற்றி மாட்டும் தடுப்பு, மடக்கும் சாய்தளம், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றோடு ஒரு மாட்டு வண்டிக் கூட்டை நாமக்கல்தான் இந்த நாட்டுக்குச் செய்து காட்ட வேண்டும்.

இதையெல்லாம் பேசினால் பிரச்சினை வரும் என்று பயப்படுபவர்கள் உண்டு. பயம் காரணமில்லாததல்ல. 2017 மே 23 அன்று மத்திய அரசு சந்தை விதியைக் கொண்டுவந்து, வெட்டுவதற்குச் சந்தையில் மாடு விற்கக் கூடாது என்றபோது நடந்ததை நாம் பார்த்தோம். மே 30 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை கொடுத்து, ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுமைக்கும் நீட்டித்ததால்தான் சந்தைகள் மூச்சுவிட்டன. வற்றிய மாட்டுக்கு விலை இல்லாவிட்டால் அடுத்த கறவை வாங்கக் கைமுதல் கிடையாது என்பது அந்த வாரங்களில் எல்லோருக்கும் விளங்கியது. அதன் பிறகும் நாம் ஒளித்துத்தான் விற்கிறோம். எடைச் சீட்டு, வில்லை எண், மருத்துவர் சான்று மூன்றும் கையில் இருக்கும் வியாபாரத்தை யாரும் எளிதில் மிரட்ட முடியாது. கேரள அரசு 1973-இலேயே கூத்தாட்டுக்குளத்துக்குப் பக்கத்தில் இடையாரில் மீட் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனத்தைத் தொடங்கி, சொந்தப் பெயர் போட்டுக் கறி விற்கிறது. நம் மாடு அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் அதற்குச் சுத்தமும் முத்திரையும் கிடைக்கின்றன.

தலைவாசலில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் கால்நடை ஆராய்ச்சி நிலையம் அமைக்க 2020-இல் அடிக்கல் நாட்டினார்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் இருக்கிறது. அவர்களிடம் நாம் போய்க் கேட்க வேண்டும்: கழிக்கும் கலப்பினப் பசுவைத் தேற்ற நம் பகுதித் தீவனத்தில் எந்தக் கலவை எத்தனை நாளில் எத்தனை கிலோ தரும், ஆலம்பாடி கன்றின் மாதவாரி எடை என்ன, நம் டேப் கணக்கு கலப்பினப் பசுவுக்கு எவ்வளவு சரியாக வருகிறது. கேள்வி நம்மிடமிருந்து போனால்தான் பதில் நம் கட்டுத்தரைக்கு வரும்.

இனி நாம் செய்ய வேண்டியது. சந்தையின் சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஆண்டுதோறும் ஏலம் விடுகிறார்கள். ஏல நிபந்தனையில் மாட்டு எடைமேடை ஒன்று, ஏற்றி இறக்கச் சாய்தளம், நிழல், தண்ணீர்த் தொட்டி, அன்றைய உயிர் எடை விலையை எழுதும் கரும்பலகை ஆகியவற்றைச் சேர்க்கச் சொல்லி அடுத்த கிராம சபையில் தீர்மானம் கொடுங்கள். தரகர்களை ஒதுக்க வேண்டாம். மேடை வந்தாலும் மாட்டைப் பார்த்துத் தரம் பிரிக்க அவர்கள் கை தேவைப்படும், அதற்கு உரிய தரகு வாங்கட்டும்.

அதுவரை காத்திருக்காமல், ஒவ்வொரு பால் சொசைட்டியிலும் சுவரில் ஒரு நோட்டைத் தொங்கவிடுங்கள். மாட்டை விற்கிறவர் எல்லோரும் பெயர்கூடப் போட வேண்டாம், தேதி, சுற்றளவு, நீளம், எடை, எத்தனை ஈற்று, எந்தச் சந்தை, கைக்கு வந்த தொகை ஆகியவற்றை மட்டும் எழுதட்டும். மூன்று மாதம் கழித்துப் பக்கத்து ஊர் நோட்டையும் உங்கள் நோட்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். கிலோவுக்கு எவ்வளவு வாங்குகிறோம் என்பதை முதல்முறையாக நாமே எழுதி வைத்திருப்போம். அடுத்த செவ்வாய்க்கிழமை விலை பேச அந்த எண்ணோடு போங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்